படியெடுப்பவனும் குறிப்பேடும்

ஹைதராபாத் நகரில் தார்நாகா என்னும் பகுதியில் மாநில ஆவணக் காப்பகம் அமைந்திருக்கிறது. ஷாஜஹான், ஔரங்கசீப் ஆகிய முகலாயப் பேரரசர்களின் காலத்தில் தக்காணத்து அலுவலகங்களில் எழுதப்பெற்ற பாரசீக மொழி ஆவணங்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் அக்காப்பகத்தின் செல்வமாக விளங்குகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை போர் வருணனைகளும் அல்ல, அரசவைச் சிறப்புகளும் அல்ல. படைவீரன் ஒருவன் சம்பளம் பெற வரும்போது அவனுடைய அங்க அடையாளங்களை எழுதிக்கொண்ட சாதாரணச் சீட்டுகளே அவை. அர்ஸ்-ஓ-செஹ்ரா என்பது அவற்றின் பெயர். வீரனின் பெயர், குலம், நிறம், முகத்தில் உள்ள தழும்பு, அவனது குதிரையின் நிறம், அதன்மேல் இட்ட சூட்டுக்குறி ஆகியவற்றை எழுத்தர்கள் பொறுமையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஒருவன் பெயரில் மற்றொருவன் வந்து நின்று சம்பளம் வாங்கிச் செல்லும் மோசடியைத் தடுப்பதற்காகவே இவ்வளவு முயற்சியும் எடுக்கப்பட்டது.

அதே காப்பகத்தில் வேறொரு வகை ஏடுகளும் உண்டு. வாகியா நவீஸ் என்னும் அதிகாரிகள் அன்றாடம் தம் ஊரில் நடந்தவற்றை எழுதி அரசுக்கு அனுப்பிய நிகழ்ச்சிக் குறிப்புகள் அவை. 1660 முதல் 1671 வரையிலான குறிப்புகளிற் சிலவற்றைத் தொகுத்து 1953இல் ஹைதராபாத்திலேயே நூலாக வெளியிட்டார்கள். என்ன நடந்தது என்பதை ஓர் ஏடு சொல்லும். செய்தவன் யார் என்பதை மற்றோர் ஏடு சொல்லும். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் ஆட்சி நடக்கும் என்பதை அக்காலத்து எழுத்தர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் முகலாயர் சரித்திரம் அன்று. அதே ஹைதராபாத்தில், தார்நாகாவிலிருந்து சில மைல் தொலைவில், குளிரூட்டிய அறைகளில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறிகளைப் பற்றியது. ஆயினும் என்ன நடந்தது, யார் செய்தது என்னும் அவ்விரு கேள்விகளே இங்கும் எழுகின்றன என்பதால் காப்பகத்திலிருந்து தொடங்கினேன்.

1998ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஹைடெக் சிட்டியின் சைபர் டவர்ஸ் கட்டிடம் திறக்கப்பட்டது முதல் இந்நகரம் கணிப்பொறித் தொழிலின் பெருநகராக வளர்ந்து வந்திருக்கிறது. மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் தன் தேசியத் தரவு மையங்களுள் ஒன்றை இங்கே நடத்துகிறது. அமேசான் நிறுவனம் மும்பைக்கு அடுத்தபடியாக இந்தியாவில் தன் இரண்டாவது மேகக் கணிமைத் தளத்தை 2022 நவம்பரில் இங்கேதான் தொடங்கியது. கடலோரத்திலிருந்து விலகி, நிலநடுக்க அபாயம் குறைந்த தக்காணப் பீடபூமியின்மேல் ஊர் அமைந்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். மும்பையிலோ சென்னையிலோ உள்ள கணக்குகளின் மறுபடியைப் பத்திரமாக வைப்பதற்கு ஏற்ற இடம் இது.

இத்தகைய மையங்களில் உள்ள பெருங் கணிப்பொறிகளைச் சர்வர் என்கிறோம். வங்கிக் கணக்கு, ரயில் பயணச்சீட்டு, மருத்துவமனைக் குறிப்பு, பரீட்சை முடிவு எல்லாம் அவற்றில் தங்கியிருக்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவை லினக்ஸ் என்னும் இயக்கமுறையில் ஓடுகின்றன. பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிவைத்தது அது. லினக்ஸ் சர்வரை நிர்வகிப்பவர் பெரும்பாலும் படங்களைத் தொட்டு வேலை செய்வதில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளையைத் தட்டச்சு செய்கிறார். கணிப்பொறி அதை நிறைவேற்றுகிறது. கட்டளையைக் கேட்டு உள்ளே சொல்லும் வாயிற்காப்போன் போன்ற ஒரு நிரல் இடையில் நிற்கிறது. அதற்கு ஷெல் என்று பெயர். பிரையன் பாக்ஸ் என்பவர் எழுதி 1989இல் வெளிவந்த பாஷ் என்பதே இன்று எங்கும் பரவியிருக்கும் ஷெல்.

இந்த வாயிற்காப்போனிடம் ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. நிர்வாகி இட்ட கட்டளைகளை அது வரிசையாக அதில் எழுதிவைக்கிறது. ஹிஸ்டரி, அதாவது வரலாறு, என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் உருவாக்கிய சி ஷெல்லில் இவ்வசதி பரவலாக அறிமுகமாயிற்று. நேற்று இட்ட நீளமான கட்டளையை இன்று மீண்டும் முழுவதும் தட்டச்சு செய்ய வேண்டாம். மேல்நோக்கிய அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினால் அவ்வரி வந்து நிற்கும். சமையற்காரர் கரிக்கட்டியால் சுவரில் எழுதிவைக்கும் கணக்கைப் போல, வேலை செய்பவரின் வசதிக்காகத் தோன்றியது இது.

ஆனால் வசதிக்காகத் தோன்றியது காலப்போக்கில் சாட்சியாகவும் மாறிவிட்டது. சர்வரில் ஏதேனும் கோளாறு நேர்ந்தால் நிர்வாகிகள் முதலில் திறந்து பார்ப்பது இந்தக் குறிப்பேட்டைத்தான். கடைசியாக என்ன கட்டளை இடப்பட்டது, எந்தக் கோப்பு திருத்தப்பட்டது, எது அழிக்கப்பட்டது என்று அதில் தேடுகிறார்கள்.

இனி, படியெடுப்பவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணிப்பொறியில் உள்ளவை ஒரு நொடியில் அழியக்கூடியவை. எனவே அவற்றைக் குறித்த கால இடைவெளியில் மறுபடி எடுத்து வேறோர் இடத்தில் வைப்பது அவசியம். அலுவலகங்களில் இதை பேக்கப் என்று சொல்கிறார்கள். நாம் காப்புப்படி எனலாம்.

இது தமிழர்க்குப் புதிதன்று. கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடிக் கோயிலின் கருவறையை இடித்துப் புதிதாகக் கட்டும்படி முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013ஆம் ஆண்டு வாக்கில், ஆணையிட்டான். இடிப்பதற்கு முன் அச்சுவர்களில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் ஏட்டில் படியெடுத்துக்கொள்ளச் செய்தான். பின்னர் அவன் மகன் முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதுச் சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பட்டன. தானம் கொடுத்தவன் போயிருப்பான், சுவரும் போய்விட்டது. ஆயினும் எந்த நிலம் எந்த விளக்கெரிக்கக் கொடுக்கப்பட்டது என்னும் உண்மை தப்பிப் பிழைத்தது. இவ்வாறு மறுபொறிப்புச் செய்த கல்வெட்டுகளிற் பலவற்றில், இது பழைய கல்லின் படி என்னும் குறிப்பையும் சேர்த்தே வெட்டினார்கள். இந்தச் சிறு குறிப்பைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இறுதியில் அது நமக்குப் பயன்படும்.

காப்புப்படியின் அருமையை நம் நாட்டில் யாவரும் உணர்ந்த நாள் 2022 நவம்பர் 23. அன்று புதுதில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் சர்வர்களைக் களவுப் பேர்வழிகள் தாக்கி, அவற்றில் உள்ளவற்றைப் படிக்க இயலாதபடி பூட்டிவிட்டார்கள். நோயாளிகளின் பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை பல நாட்கள் கையால் எழுதவேண்டியதாயிற்று. தாக்குதலுக்குள்ளாகாத ஒரு காப்புப்படிச் சர்வர் இருந்தமையால் மருத்துவமனையின் தகவல்கள் மீட்கப்பட்டன என்று பாராளுமன்றத்தில் பின்னர் அறிவிக்கப்பட்டது. அந்த ஒன்று இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

ஆகவே காப்புப்படி எடுக்கும் மென்பொருளைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் நல்ல வேலைக்காரனும் சில சமயம் வீட்டில் ஒரு தொல்லையை உண்டாக்குவதுண்டு. அவ்வகைத் தொல்லை ஒன்றை நானே கண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரின் கச்சிபவுலிப் பகுதியில் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தேன். நெல்லைச் சீமையிலிருந்து வந்த ஓர் இளைஞர் அங்கே ஒப்பந்த ஊழியராக இரவுப் பணியில் இருந்தார். இரவு பத்து மணிக்கு வருவார். காலை ஆறு மணிக்குப் போவார். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு கோப்பகம் முழுவதும் காணாமற் போயிருப்பது தெரியவந்தது. மாதாந்தரக் கணக்குகள் அடங்கிய கோப்பகம் அது. முதல்நாள் மாலை எட்டு மணிக்கு அது இருந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இடைப்பட்ட பதின்மூன்று மணி நேரத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள். இரவில் அங்கே இருந்தவர் அவ்விளைஞர் ஒருவரே. மேலதிகாரிகளுக்கு வேறு யோசனை எழவில்லை. வீட்டிற்குப் போய் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தவரைத் தொலைபேசியில் அழைத்து வரச்செய்தார்கள்.

நான் அந்தச் சர்வரின் குறிப்பேட்டைத் திறந்தேன். யார், எப்போது, என்ன கட்டளை இட்டார்கள் என்பது அதில் இருக்கும் என்று நம்பினேன். திறந்தால் ஏறத்தாழ ஐந்நூறு வரிகளும் ஒரே மாதிரியாக இருந்தன. வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது, இன்ன கோப்பகம் இருக்கிறதா, இன்ன சேவை ஓடுகிறதா, தேதி என்ன, இன்ன கோப்பைச் சுருக்கு, தற்காலிகக் கோப்பை நீக்கு என்று பன்னிரண்டு வரிகள், பிறகு அதே பன்னிரண்டு வரிகள், மறுபடியும் அவையே. இடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அவ்விளைஞர் இட்ட நாலைந்து சாதாரணக் கட்டளைகள். அழித்த கட்டளை எங்கும் இல்லை.

நடந்தது இதுதான். எங்கள் காப்புப்படி மென்பொருள் கால் மணிக்கு ஒரு முறை சர்வருக்குள் நுழைந்து பார்க்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. நுழையும்போதெல்லாம் பன்னிரண்டு கட்டளைகள் இட்டது. ஒரு மணிக்கு நாற்பத்தெட்டு வரிகள். பாஷின் குறிப்பேடோ, யாரும் மாற்றி அமைக்காத வரையில், 500 வரிகளை மட்டுமே ஏற்கும். புதியது சேரச் சேரப் பழையது மேலிருந்து உதிர்ந்துவிடும். 500ஐ 48ஆல் வகுத்துப் பாருங்கள். பத்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில், மனிதர்கள் இட்ட கட்டளைகள் அத்தனையும் வெளியே தள்ளப்பட்டுவிடுகின்றன. காலை பத்து மணிக்கு நான் திறந்தபோது முதல்நாள் இரவு பதினொன்றரை மணிக்கு முந்திய எதுவும் அங்கே மிஞ்சவில்லை.

வரிகளுக்கு எதிரே நேரமும் இல்லை. நேரத்தைக் குறிக்கும்படி தனியாகச் சொல்லிவைத்தாலன்றி பாஷ் அதை எழுதாது. யார் இட்ட கட்டளை என்பதும் இல்லை. பகற்பணியில் மூவர், இரவில் ஒருவர், போதாததற்கு அந்த மென்பொருள் ஆகிய எல்லோரும் ரூட் என்னும் முழு அதிகாரப் பெயரிலேயே உள்ளே நுழைந்து வந்தோம். ஐந்து பேர் எழுதும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் யாருமே கையெழுத்திடவில்லை.

அவ்விளைஞர் என் மேசைக்கு அருகில் வந்து நின்றார். தூக்கமில்லாத கண்கள் சிவந்திருந்தன. "சார், நான் அந்தக் கோப்பகத்தைத் தொடவே இல்லை. ஆனால் தொடவில்லை என்று காட்ட ஒரு வரிகூட இல்லையே" என்றார்.

அதற்குள் மற்றொருவர் காப்புப்படியிலிருந்து அந்தக் கோப்பகத்தை மீட்க ஆயத்தமானார். அவரைச் சற்றுப் பொறுக்கச் சொன்னேன். ஒரு கோப்பகத்திலிருந்து ஏதேனும் நீக்கப்பட்டால், அதைக் கொண்டிருந்த தாய்க் கோப்பகம் தான் கடைசியாக மாறிய நேரத்தைக் குறித்துக்கொள்ளும். மீட்டவுடன் அந்நேரமும் புதிதாக மாறிவிடும். கடைசிச் சாட்சியும் போய்விடும். எனவே முதலில் அதைப் பார்த்தோம். இரவு 9 மணி 40 நிமிடம் என்றிருந்தது. வாயிற்காவலரின் பதிவேட்டில் இளைஞர் அன்றிரவு உள்ளே நுழைந்த நேரம் 9 மணி 55 நிமிடம். பதினைந்து நிமிட இடைவெளி அவருடைய வேலையைக் காப்பாற்றியது.

பிறகு கோப்பகத்தை மீட்டோம். ஒரு கோப்பும் குறையாமல் எல்லாம் திரும்பி வந்தன. குறிப்பேட்டை நிரப்பிக் கெடுத்த அதே மென்பொருள்தான் கணக்குகளைக் காத்துத் தந்தது. நிறுவனத்தின் சொத்துக்கு அது பிரதி வைத்திருந்தது; ஓர் ஏழை இளைஞரின் நற்பெயருக்குப் பிரதி வைக்க யாரும் அதற்குச் சொல்லவில்லை. அழித்தவர் யார் என்பது இன்றுவரை தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய வரி காலைக்குள் உதிர்ந்துவிட்டது.

இது ஏன் நேர்கிறது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். பாஷ் எல்லாக் கட்டளைகளையும் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. எதிரே மனிதர் அமர்ந்து உரையாடுகிறார் என்று அது கருதினால் மட்டுமே எழுதும். நிரல் ஒன்று தானே ஓடும்போதோ, தொலைவிலிருந்து ஒற்றைக் கட்டளை வந்து நிறைவேறிச் செல்லும்போதோ எழுதாது. சில மென்பொருள்கள், பலவகைக் கணிப்பொறிகளிலும் தடையின்றி வேலை நடக்க வேண்டும் என்பதற்காக, மனிதரைப் போலவே ஒரு முனையத்தைத் திறந்து, கட்டளைக்குறி தோன்றும்வரை காத்திருந்து, ஒவ்வொரு கட்டளையாகத் தட்டச்சு செய்வதுபோல் அனுப்புகின்றன. வாயிற்காப்போன் ஏமாந்துவிடுகிறான். வேடம் போட்டு வந்த யந்திரத்தை மனிதர் என்று எண்ணி அதன் ஒவ்வொரு சொல்லையும் ஏட்டில் ஏற்றுகிறான். பழைய படைக் கணக்கர்கள் எந்த மோசடியை அஞ்சி முகத் தழும்பு வரை எழுதிவைத்தார்களோ, அந்த ஆள்மாறாட்டமே இங்கு எவருடைய தீய எண்ணமும் இன்றி நடந்துவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. முதலாவது, காப்புப்படி மென்பொருளுக்கு ரூட் என்னும் பெயரைக் கொடுக்கலாகாது. அதற்கென்று தனிப் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அதன் வேலைக்கு வேண்டிய அதிகாரத்தை மட்டும் சூடோ என்னும் ஏற்பாட்டின் வழியே அளிக்கலாம். அப்போது அதன் கட்டளைகள் அதன் சொந்தக் குறிப்பேட்டிலேயே சேரும். மனிதரின் ஏட்டில் கலக்கமாட்டா. அது நுழையும் மின்னணுச் சாவியையும் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் பயன்படுமாறு கட்டுப்படுத்த முடியும்.

இரண்டாவது, முனையத்தைத் திறந்து மனிதர்போல் பேசும் முறையை விட்டு, ஒரே நிரலாக வந்து வேலையை முடித்துச் செல்லும் முறையை மென்பொருளில் தேர்ந்துகொள்ளலாம்.

மூன்றாவது, நாம் நம் குறிப்பேட்டைச் சீராக வைத்துக்கொள்வது. 500 வரிகளைப் பல ஆயிரமாக உயர்த்துவதற்கும், வரிதோறும் நாளும் நேரமும் சேர்ப்பதற்கும் அமைப்புக் கோப்பில் ஓரிரு சொற்களே போதும்.

நான்காவது வழி ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டளைக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டால் அதைக் குறிப்பேட்டில் எழுதாமலிருக்கும்படி பாஷுக்குச் சொல்லிவைக்கலாம். குறிப்பேட்டையே அந்த நேரத்துக்கு மூடிவைக்கவும் கூடும். மென்பொருளின் வரிகள் வந்து அடைவதைத் தடுக்கப் பலர் கையாளும் வழி இதுவே. ஆனால் சர்வருக்குள் திருட்டுத்தனமாக நுழைபவன் முதலில் செய்யும் காரியமும் இதுதான். வீட்டைப் பெருக்குபவர் எடுக்கும் துடைப்பத்தையே திருடனும் தன் அடிச்சுவட்டை அழிக்க எடுக்கிறான். துடைப்பத்தைத் தடைசெய்ய முடியாது. யார் கையில் அது இருந்தது என்பதற்கு வேறொரு பதிவு இருக்க வேண்டும்.

மறைக்கும் அதிகாரம் ஒருவரிடம் குவிந்தால் என்ன நேரும் என்பதை இந்நகரம் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது. 2009 ஜனவரி 7 அன்று வெளிவந்த சத்யம் நிறுவன மோசடியில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பொய்ப் பட்டியல்கள் கணிப்பொறி முறைக்குள் சிறப்பு அதிகாரம் பெற்ற பயனர் வழியே புகுத்தப்பட்டு, மற்றவர் பார்வைக்குப் படாமல் மறைக்கப்பட்டிருந்தன என்று மத்தியப் புலனாய்வுத் துறை கண்டறிந்தது. 2015 ஏப்ரல் 9 அன்று ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அதன்மேல் மேல்முறையீடும் சென்றது. அது கணக்குப் பட்டியல், இது கட்டளைக் குறிப்பேடு என்னும் வேறுபாடு இருக்கலாம். ஆனால் பொய்யை மறைத்த அம்முறைக்குள்ளேயே அதன் சுவடும் தங்கியிருந்ததால்தான் புலனாய்வாளர்கள் அதை எடுத்துக் காட்ட முடிந்தது.

படியெடுப்பவனே பிழை செய்வதும் உண்டு. ஜப்பான் நாட்டு கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணிப்பொறியில் 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை ஒரு விபத்து நேர்ந்தது. காப்புப்படி எடுக்கும் நிரலில் பழைய பதிவுகளைக் களையும் பகுதி ஒன்று இருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் திருத்திய நிரலை எழுதிவிட்டார்கள். பாஷ் ஒரு நிரலை முழுதும் படித்துவிட்டு ஓட்டத் தொடங்குவதில்லை. ஓட ஓடவே படித்துச் செல்வது அதன் இயல்பு. பாதி வழியில் புதிய எழுத்துகள் குறுக்கிடவே, எந்த இடத்தில் களைய வேண்டும் என்னும் விவரம் வெறுமையாகிவிட்டது. பழைய பதிவுகளுக்குப் பதிலாக ஆராய்ச்சியாளர்களின் கோப்புகளையே அது களைந்தது. 77 டெராபைட் அளவில் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்தன. பாதிக்கப்பட்ட 14 ஆராய்ச்சிக் குழுக்களில் 4 குழுக்களின் கோப்புகள் மீளவே இல்லை. நிரலை வழங்கிய நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது.

எனவே காப்புப்படி மென்பொருளின் வரிகளைத் தொல்லையென்று கருதித் துடைத்துவிட்டுச் சும்மா இருப்பதும் சரியன்று. அது என்ன செய்தது என்பதும் எங்கேனும் எழுதப்பட்டிருக்கத்தான் வேண்டும். மனிதரின் ஏட்டில் மட்டும் அது நிறைந்துவிடக் கூடாது. இதற்கு லினக்ஸிலேயே தணிக்கைப் பதிவு என்றொரு தனி ஏற்பாடு இருக்கிறது. ஷெல்லுக்கு அடியில், இயக்கமுறையின் கருவிலேயே அது நிற்கிறது. சொல்லிவைத்தால், நிறைவேறும் கட்டளை ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதும். அதில் ஓர் அருமையான அம்சம் உண்டு. ஒருவர் தம் சொந்தப் பெயரில் நுழைந்து, பிறகு ரூட்டாக மாறினாலும், முதலில் நுழைந்தபோது இருந்த அடையாளத்தை அது விடாமல் கூடவே எழுதிச் செல்கிறது. உடையை மாற்றிக்கொண்டாலும் முகத் தழும்பு மாறாது என்னும் தார்நாகாச் சீட்டுகளின் தத்துவமே இங்கும் வேலை செய்கிறது. எல்லோரும் நேரே ரூட்டாக நுழையும் எங்களது அந்நாளைய வழக்கத்தில் இந்த அடையாளத்துக்கு இடமே இல்லாமற் போயிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இத்தகைய பதிவுகளை அந்தச் சர்வரிலேயே வைத்திருப்பதும் போதாது. அதை அழிக்கக்கூடியவர் இதையும் அழிக்கக்கூடும். எழுதப்பட எழுதப்பட வேறொரு கணிப்பொறிக்கு அனுப்பிச் சேர்த்துவைப்பதே நலம். பதிவுகளைப் பத்திரமாகக் காப்பதை நம் நாட்டில் சட்டமும் வேண்டுகிறது. கணிப்பொறி அவசரநிலைகளைக் கவனிக்கும் செர்ட்-இன் என்னும் அரசு அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த கட்டளைகளின்படி, நிறுவனங்கள் தங்கள் முறைகளின் பதிவுகளை 180 நாட்களுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கடிகாரங்களை ஒரே நேரத்துக்கு இசைத்துக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட வகை அசம்பாவிதங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 180 நாட்கள் எங்கே, பத்தரை மணி நேரம் எங்கே! ஷெல்லின் குறிப்பேட்டை நம்பிச் சும்மா இருப்பவர் எவ்வளவு மெல்லிய நூலைப் பற்றிக்கொண்டு நிற்கிறார் என்பது இதனால் விளங்கும்.

இவையெல்லாம் நிபுணர்களின் காரியம், நமக்கென்ன என்று நேயர்களிற் சிலர் எண்ணலாம். இன்று நம் குடும்பங்களில் மகனோ மகளோ மருமகனோ இத்தகைய அறைகளில் இரவு விழித்திருக்கிறார்கள். ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் சென்னையிலும் அவர்கள் கண்காணிக்கும் யந்திரங்களில்தான் நம் சேமிப்பும் சிகிச்சையும் அடங்கியிருக்கின்றன. ஏதேனும் தவறு நேர்ந்தால் முதலில் விரல் நீட்டப்படுவது அவர்களை நோக்கியே. ஒப்பந்த ஊழியர் என்றால் கேட்கவே வேண்டாம். நேர்மையாக எழுதப்பட்ட பதிவேடு குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பதற்கு மட்டும் உரியதன்று. குற்றமற்றவர் தலைநிமிர்ந்து நிற்பதற்கும் அதுவே துணை.

திருமழபாடியில் கல்லைப் படியெடுத்தவர்களை மீண்டும் நினைத்துப் பார்க்கிறேன். அக்காலத்துச் சிற்பிகள் தாம் வெட்டிய எழுத்தை மூலமென்று காட்டிக்கொள்ளாமல், படி என்று ஓரத்தில் சொல்லிவைத்தார்கள். அந்த ஒரு சொல்லால் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் எது மூலத்தின் காலம், எது படியின் காலம் என்று நம்மால் பிரித்தறிய முடிகிறது. இன்றைய படியெடுப்பவனுக்கும் நாம் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தால் போதும். தன் பெயரில் வரட்டும். தன் ஏட்டில் எழுதட்டும். மனிதர் எழுதும் ஏட்டில் மனிதருக்கு இடம் இருக்கட்டும்.

அந்த இளைஞர் பின்னர் வேறொரு நிறுவனத்தில் நிரந்தர வேலை பெற்றார். புதிய சர்வர் ஒன்று அவர் பொறுப்புக்கு வந்தால், அவர் முதலில் காப்புப்படி மென்பொருளுக்குத் தனிக் கணக்குத் திறக்கிறாராம். அடுத்து, குறிப்பேட்டில் நேரம் எழுதும்படி அமைக்கிறாராம். சென்ற தீபாவளிக்கு என்னைப் பார்க்க வந்தபோது சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். அந்தப் பதினைந்து நிமிடத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.